பம்ப் அடித்தும் இளைப்பு அடங்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நான் மருத்துவர் இல்லை, ஆஸ்துமாவோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவன், அவ்வளவுதான். அந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன்: "இன்ஹேலர் வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அதை அவர் எப்படி அடிக்கிறார், எதற்காக அடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டு நூலை வெளியிடும் ஜினா அமைப்பு, 70 முதல் 80 சதவீதம் பேர் வரை இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ரொம்ப நாள் இருந்தவன்தான்.

இங்கே பேசப்போவது பெரும்பாலும் சால்புட்டமால் பம்ப் பற்றி. சில நாடுகளில் இதே மருந்தை ஆல்புட்டரால் என்பார்கள். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிப்போவதைத் தளர்த்திவிடுவது மட்டும்தான் இதன் வேலை. அடித்து ஐந்து நிமிஷத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும், நாலு முதல் ஆறு மணி நேரம் வரை தாங்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் இது வரும்.

படிப்பதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய நேரம்

ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் குழி விழுகிறது, ஆள் சோர்ந்து கண் சொருகுகிறார், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கோளாறு தேடிக்கொண்டிருக்காதீர்கள். இதைவிட ஏமாற்றுகிற அறிகுறி ஒன்று உண்டு. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விசில் சத்தம் திடீரென்று நின்றுபோகும், "அப்பாடா, அடங்கிவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள், ஆனால் நோயாளியின் முகத்தில் தெளிவே இருக்காது. குழாய் சத்தம் போடுவதற்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள், இறுக்கமான சட்டையைத் தளர்த்துங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அவசரத் திட்டம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் ஆஸ்திரேலியாவில் சொல்லித்தரும் நாலு-நாலு-நாலு கணக்கு நினைவில் நிற்க எளிது: ஸ்பேசர் (பம்பில் மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) வழியாக ஒரு பஃப், அதாவது ஒரு தடவை அழுத்தினால் வரும் மருந்து, அதற்கு நாலு மூச்சு, இப்படி நாலு பஃப், அப்புறம் நாலு நிமிஷம் பார்ப்பது, தேறாவிட்டால் மறுபடி அதே போல. பிரிட்டனில் 30 முதல் 60 விநாடிக்கு ஒரு பஃப் என்று அதிகபட்சம் 10 வரை போகச் சொல்கிறார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒவ்வொன்றாகத்தான் அடிக்க வேண்டும்.

ஒவ்வாத உணவு சாப்பிட்டோ பூச்சி கடித்தோ உடம்பில் தடிப்பும் முக வீக்கமும் சேர்ந்து மூச்சு முட்டினால் அது வேறு விஷயம். அங்கே முதலில் போக வேண்டியது அட்ரினலின் ஊசி. பம்ப் அதற்கு மாற்று ஆகாது.

அடித்தேன், புகையும் வந்தது, மூச்சில் மட்டும் மாற்றமே இல்லை

அதிகம் கேட்கிற புகார் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று அடித்துப் பாருங்கள். நான் முதன்முதலில் அப்படி அடித்தபோது வாயின் இரண்டு ஓரத்திலிருந்தும் மெல்லிய வெள்ளைப் புகை சுருண்டு மேலே போனது, மூக்கிலிருந்தும் கொஞ்சம் வந்தது. அவ்வளவு நாளும் நான் வாங்கிய மருந்தில் பாதி அறைக்குத்தான் போயிருக்கிறது போல. கண்ணாடியில் புகை தெரிந்தால் ஒன்று உதடு சரியாக மூடவில்லை, அல்லது மூச்சை இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அழுத்திவிட்டீர்கள், அல்லது வாயால் இழுக்காமல் மூக்கால் இழுக்கிறீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலே இந்த வகைப் பம்பில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நுரையீரலுக்குப் போய்ச் சேருகிறது, மீதி வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒன்றிரண்டு பங்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எப்படி அடிப்பது? மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் எட்டிப் பாருங்கள், தூசி, துண்டுக் காகிதம் எதுவும் இல்லையே என்று. நன்றாகக் குலுக்குங்கள். குலுக்குவது சடங்கு இல்லை, உள்ளே மருந்துத் துகள் திரவத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் பிரிந்துவிடும், குலுக்காமல் அடித்தால் ஒரு பஃபில் மருந்து குறைவாகவும் அடுத்ததில் கூடுதலாகவும் வரும். முதுகை நிமிர்த்தி, முகவாயை லேசாக உயர்த்தி, உள்ளே இருக்கிற காற்றை முடிந்த அளவு வெளியே விடுங்கள், பம்புக்குள் ஊதாமல். பிறகு வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவில் வைத்து, நாக்கு குறுக்கே நிற்காமல் கீழே இறக்கி, உதட்டால் சுற்றி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்குங்கள், தொடங்கிய உடனே அழுத்துங்கள், அழுத்திய பிறகும் இழுத்துக்கொண்டே போங்கள். மூன்று முதல் ஐந்து விநாடி வரை அந்த ஒரு மூச்சு நீள வேண்டும். பம்பை எடுத்துவிட்டு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள், முடியாவிட்டால் முடிந்தவரை.

இரண்டு பஃப் சொல்லியிருந்தால் இடையில் அரை நிமிஷமாவது விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து. ஒரே மூச்சில் இரண்டு தடவை அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரம் மிச்சமாகும் என்று நினைப்பு, ஆனால் வீணாவது மருந்து.

சூப்பை உறிஞ்சுவது போல் வெடுக்கென்று இழுப்பதும் தப்பு. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். (பவுடர் வகைக்கு இது தலைகீழ், அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.) மருந்து அடைத்த உலோக டப்பாவான கேனிஸ்டரைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பவர்களும் உண்டு. உலோகப் பகுதி மேலே, வாய்ப்பகுதி கீழே, அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரமாட்டேன் என்கிறது

வெட்கப்படாமல் ஸ்பேசர் வாங்குங்கள். குழந்தைக்கும் வயசானவருக்கும் மட்டும்தான் அது என்று ஒரு நினைப்பு இருக்கிறது, தப்பு. மூச்சு முட்டிப் பதறும் நேரத்தில் யாருக்குமே கை, வாய் ஒத்துழைக்காது. பம்பிலிருந்து பாய்ந்து வரும் மருந்து அந்தக் குழாய்க்குள் வேகம் குறைந்து மிதக்கும், நீங்கள் நிதானமாக ஐந்தாறு மூச்சில் அதை எடுத்துக்கொள்ளலாம். சில ஸ்பேசர்கள் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும். அது நன்றாக இழுக்கிறீர்கள் என்ற பாராட்டு இல்லை, மெதுவாக என்ற எச்சரிக்கை.

ஸ்பேசர் வைத்தும் பயன் தெரியவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். நாலைந்து பஃபை மொத்தமாக உள்ளே அடித்துவிட்டு இழுக்கிறீர்களா? ஒரு பஃப், உடனே மூச்சு, அப்புறம் அடுத்தது. இன்னொன்று, துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துகளைச் சுவரில் பிடித்துவைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, துடைக்காமல் நீர் வடியக் காயவிட்டாலே போதும்.

குழந்தைக்கு மாஸ்க் வைக்கும்போது முகத்தில் இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். குழந்தை வீறிட்டு அழும்போது வைத்து அழுத்தினால் மருந்து நன்றாக உள்ளே போகும் என்பார்கள், உண்மையில் மிகக் குறைவாகத்தான் போகும். கொஞ்சம் விளையாட்டுக் காட்டி அமைதிப்படுத்திய பிறகு கொடுங்கள்.

அழுத்தினால் ஒன்றும் வரவில்லை, அல்லது புகை மெலிசாக வருகிறது

முதலில் மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் நானே அப்படி அழுத்தியிருக்கிறேன்.

புது பம்ப் என்றாலோ, சில நாளாகத் தொடாமல் கிடந்தது என்றாலோ, கீழே விழுந்தது என்றாலோ காற்றில் சில தடவை அடித்துத் தயார்ப்படுத்த வேண்டும். எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளிக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தக் காகிதத்தில் இருக்கும். முகத்தைத் தவிர்த்து அடியுங்கள்.

அதன்பிறகும் மெலிசாக வந்தால் துவாரம் அடைத்திருக்கலாம். உலோக கேனிஸ்டரை உருவி எடுத்துத் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் கூட்டின் வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பார்த்தால் மருந்து வரும் சின்ன ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். ஊசி, குச்சி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் மேலிருந்தும் கீழிருந்தும் அரை நிமிஷம் ஓடவிட்டு, உதறி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். வாரம் ஒரு தடவை இப்படிச் செய்தால் அடைப்பே வராது. கேனிஸ்டரை மட்டும் நனைக்கக் கூடாது, சில வகைகளில் கேனிஸ்டரைக் கழற்றவே கூடாது என்றும் இருக்கும், அதையும் அந்தக் காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுங்குளிரில் கிடந்த பம்பும் சோம்பலாகத்தான் வேலை செய்யும், கைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினால் போதும். அதற்காக அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள். அழுத்தத்தில் அடைத்த டப்பா அது, காலியானாலும் குத்தவோ எரிக்கவோ கூடாது.

குலுக்கினால் சலசலக்கிறது, அப்படியென்றால் மருந்து இருக்கிறதுதானே?

இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளிவரும் வாயு உள்ளே கொஞ்சம் மிஞ்சியிருக்கும். குலுக்கினால் சத்தம் வரும், அழுத்தினால் புகைகூட வரும், மருந்துதான் இருக்காது. இரவு இரண்டு மணிக்கு இதைத் தெரிந்துகொள்வது நல்ல அனுபவம் இல்லை.

தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். அது சரியான அளவைக் காட்டாது, வால்வையும் கெடுக்கும். எண் காட்டும் பம்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் கணக்குதான். பல பம்புகளில் 200 பஃப், பெட்டியில் போட்டிருக்கும். தினம் நாலு பஃப் என்றால் 50 நாள். ஆரம்பித்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டுங்கள், கேனிஸ்டர் மேல் ஒட்டினால் இறுக்கமாகி உள்ளே போகாது. எண் 20க்குக் கீழே வந்தால் அடுத்ததை வாங்கிவிடுவது என் வழக்கம்.

அடித்ததும் இருமல், தொண்டையில் குறுகுறுப்பு, ஏதோ குத்துவது போல

லேசான இருமலும் கசப்பும் சாதாரணம். பெரும்பாலும் மருந்து தொண்டையில் விழுகிறது என்று அர்த்தம், மேலே சொன்ன முறையைத் திருத்தினாலோ ஸ்பேசர் வைத்தாலோ குறையும்.

ஆனால் மூடி தொலைந்த பம்பைப் பையிலோ சட்டைப் பாக்கெட்டிலோ போட்டு வைத்திருந்து, அடித்த மறுநொடி சுருக்கென்று குத்தி விடாத இருமல் வந்தால் அது மருந்தால் வந்தது இல்லாமல் இருக்கலாம். நாணயம், காதணி, மாத்திரை உறைத் துண்டு போன்றவை வாய்ப்பகுதிக்குள் புகுந்து, மருந்தோடு சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உடனே மருத்துவமனை. மூடி தொலைந்த பம்பை வைத்துக்கொண்டு சமாளிக்காதீர்கள்.

குரல் கம்முகிறது, நாக்கில் வெள்ளை படிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலரை, அதாவது இளைப்பு வராமலிருக்கத் தினமும் அடிப்பதை. அதை அடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள்.

கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது

சால்புட்டமால் மூச்சுக்குழாய்த் தசையோடு நிற்காமல் கொஞ்சம் இரத்தத்திலும் கலக்கிறது, அதனால் விரல் நடுக்கம், வேகமான துடிப்பு, தலைவலி, சில சமயம் காலில் பிடிப்பு எல்லாம் வரும். வழக்கமான அளவில் இவை சீக்கிரம் தானாகவே அடங்கிவிடும். பயந்துபோய் இளைப்பு நேரத்தில் பம்பைத் தவிர்ப்பதுதான் ஆபத்து.

எப்போது யோசிக்க வேண்டும்? நெஞ்சு வலித்தால், துடிப்பு தாளம் தப்பினால், தலை சுற்றி விழப்போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு கூடிப்போனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், சிறுநீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் குறைவு இன்னும் கூடும். இதய நோய், தைராய்டு அதிகம், சர்க்கரை இருக்கிறது என்றால் இந்த மருந்தை எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்கிறது, ஆனால் சீக்கிரமே மறுபடி இழுக்கிறது

இந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். நாலு மணி நேரமாவது தாங்க வேண்டிய மருந்து ஒரு மணி நேரத்தில் விட்டுவிடுகிறது என்றால் அது தாக்குதல் வளர்கிறது என்பதற்கு அடையாளம், அன்றைக்கே மருத்துவ உதவி வேண்டும்.

அந்த ஒரு நாள் மட்டும் என்று இல்லாமல், வாரத்தில் பல நாள் பம்பைத் தேடுகிறீர்கள், இரவில் இருமி எழுகிறீர்கள் என்றால் கோளாறு வேறு இடத்தில். ஆஸ்துமாவில் குழாய் இறுகுவது மட்டும் நடப்பதில்லை, உள்சுவர் வீங்கிச் சளி கட்டிக் கிடக்கும். சால்புட்டமால் இறுக்கத்தை அவிழ்க்கும், வீக்கத்தைத் தொடவே தொடாது. அடித்ததும் சுகமாக இருப்பதால் நோய் அடங்கிவிட்டது என்று தோன்றும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, அதை மட்டுமே தினமும் அடித்துக்கொண்டிருந்தால் மருந்துக்கு உடம்பு பதில் சொல்வதும் மழுங்குகிறது.

வருஷத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ தீர்த்தால் கடுமையான தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது, 12 அல்லது அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று ஜினா எச்சரிக்கிறது. 2019 முதல் பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்புட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதை அது பரிந்துரைப்பதே இல்லை, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு உள்ளிழுப்பு மருந்தும் சேர வேண்டும் என்கிறது. ஸ்டீராய்டும், குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான ஃபார்மோட்டெராலும் ஒன்றாக உள்ள இன்ஹேலரையே அவசரத்துக்கும் பயன்படுத்தும் முறையும் இப்போது உண்டு, உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

"ஸ்டீராய்டா, வேண்டாம்" என்று பின்வாங்குபவர்களுக்கு: மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகிறது, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதே சமயம், தடுப்பு மருந்தை இரண்டு நாள் அடித்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று நிறுத்தாதீர்கள், அது வாரக்கணக்கில் வேலை செய்கிற மருந்து. இளைப்பு இல்லாத நாளிலும் அடிக்க வேண்டும். என் வீட்டில் அது பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் இருக்கும். பிறகு வாய் கொப்பளிக்க எப்படியும் அங்கேதானே போக வேண்டும்.

நிறத்தை நம்பி இரண்டையும் மாற்றி அடிக்கும் தவறும் நடக்கிறது. பல இடங்களில் நீலம் என்றால் அவசரத்துக்கு உள்ளது, ஆனால் எல்லா நிறுவனமும் அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. மேலே எழுதியிருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

அடித்த பிறகு இன்னும் மோசமாகிறது

அபூர்வமாக, பம்ப் அடித்த உடனேயே குழாய் மேலும் இறுகிவிடும். அப்படி நடந்தால் அந்தப் பம்பை மறுபடி தொடாமல் உடனடி மருத்துவ உதவிக்குப் போங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார்கள்.

இதோடு, சமீபத்தில் புதிதாக எந்த மருந்து ஆரம்பித்தீர்கள் என்றும் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சால்புட்டமாலுக்கு நேர் எதிராக வேலை செய்பவை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அதே குடும்பம்தான், கண்ணில் விடுகிற சொட்டு நெஞ்சை என்ன செய்துவிடும் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இளைப்பைக் கிளப்பும்.

என்னுடையது பவுடர் வகை

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. இங்கே மருந்தைத் தள்ள வாயு கிடையாது, உங்கள் மூச்சுதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும், அதனால் வேகமாக, ஆழமாக இழுங்கள். அதற்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகும், தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அதே கதி. காப்ஸ்யூல் வகையில் இழுத்து முடித்ததும் திறந்து பாருங்கள், உள்ளே பொடி மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுங்கள். காப்ஸ்யூலை விழுங்கி விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வயிற்றுக்குப் போய்ப் பயனில்லை. கடும் இளைப்பில் வேகமாக இழுக்கவே முடியாமல் போகலாம், அதனால் பவுடர் மட்டுமே வைத்திருப்பவர்கள் அவசரத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பலன் இல்லை

அப்படியென்றால் அது ஆஸ்துமாதானா என்ற கேள்வியே வர வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் இதயமாக இருக்கலாம். மூச்சை வெளியே விடும்போது இல்லாமல் உள்ளே இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால் குரல்நாண் கோளாறாக இருக்கலாம். பல வருஷம் புகைத்தவருக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம், அதற்கு மருந்து ஏற்பாடே வேறு.

மருத்துவரிடம் போகும்போது வெறும் கையோடு போகாமல் பம்ப், ஸ்பேசர் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். "சரியாத்தான் அடிக்கிறேன்" என்று வாயால் சொல்லாமல் அவர் முன்னாலேயே ஒரு தடவை அடித்துக் காட்டுங்கள். நான் அப்படிக் காட்டிய அன்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குலுக்கவே இல்லையே" என்றார்.